இரண்டு தலைகள் போட்ட பெட்டி

பிராஸ் பாசா, மூன்றாம் மாடி.
"யாருக்கு?" என்றான்
ஃபாரிஸ் என்று பெயரட்டை குத்திய பையன்.
அக்காவின் கணவர் என்று வாயெடுத்து,
கணவராக இருந்தவர் என்று திருத்த நினைத்து,
அது நீளமாகப் பட,
"பெரியவருக்கு" என்றேன்.
ஞாபகசக்திக்கு நல்லதென்று
முதியோர் அலமாரிக்கு நடந்தான்.
அவ்வளவு பெரியவரில்லை, தம்பி. நாற்பத்தேழுதான்.

"எத்தனை பேர் ஆடுவாங்க?"
இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.
புக்கிட் பாத்தோக்கில் அந்தப் பதினோராம் மாடி வீட்டில்
ஒரு தட்டு, ஒரு குவளை,
என்ன காரணமோ நான்கு நாற்காலி.
"ரெண்டு" என்றேன்.

கோட்டை பிடிக்கும் ஆட்டம் வேண்டாம்.
வீடு, வண்டி, குளிர்பெட்டி என்று
பிடிக்க வேண்டியதை எல்லாம்
இருவரும் பிடித்து முடித்துவிட்டார்கள்.
சொல் கட்டும் ஆட்டமா,
குணாளன் மச்சான் நடக்கும் அகராதி.
ஏழு நிமிடத்தில் என்னை முடித்துவிட்டு
தேநீர் போட்டுத் தந்து ஆறுதலும் சொல்வார்.
(மச்சான் என்ற சொல்லைத் திருப்பிக் கொடுக்கும்படி
நீதிமன்றம் என்னைக் கேட்கவில்லை.)
சேர்ந்து ஆடி, தோற்றால்
இருவரும் ஒன்றாகத் தோற்கும் ஆட்டமும் இருந்தது.
அட்டையைப் பாதி படித்து
இருந்த இடத்தில் வைத்தேன், கொஞ்சம் வேகமாகவே.
சதுரங்கம் ஆகாது.
பலகையைத் திருப்பித் திருப்பித்
தனியாகவே ஆடிக்கொள்வார்.
எதிரே ஆள் உட்காராமல்
ஒரு காயும் நகராத ஒன்று வேண்டும் எனக்கு.

அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டி.
மரப்படகுகள், நீலத்தில் ஆறு, காவியில் ஆறு.
ஓரத்தில் இரண்டு தலைகள், ஒரு மணிக்கூடு,
முப்பது நிமிடம், எட்டு வயது முதல்.
ஃபாரிஸ் முக்காலியை இழுத்துப் போட்டு
எதிரே உட்கார்ந்து ஆடிக் காட்டினான்.
மூன்றாம் நகர்த்தலில் என் துறைமுகம் போயிற்று.
"சாரி அங்கிள்" என்றான், உண்மையிலேயே வருந்தி.

முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசு.
பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் மாற்றலாம்.
ரசீதை மடிக்கும்போதுதான் உறைத்தது,
இதில் பாதிப் பரிசு நான்.
அந்தப் பாதி ரசீதில் இல்லை.

அக்காவிடம் கூடுதல் ஷிஃப்ட் என்று சொல்லியிருந்தேன்.
அது பொய்தானா என்று
ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்வரை யோசித்தேன்.

"பொறந்தநாள் போன வாரம்டா."
"தெரியும்."
தாளைக் கிழிக்காமல்
ஒட்டுநாடாவை நகத்தால் உரித்தார்.
பெட்டியைச் சாய்த்து ஓரம் பார்த்தார்.
இரண்டு தலைகள் மேலும் கட்டைவிரல் ஓடியது.
யாரோட ஆடுறது என்று கேட்பார் என
ரயிலிலேயே ஒரு பதிலைத் தட்டிக்கொட்டி வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
மூக்குக் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு
விதிமுறையை வாசிக்க ஆரம்பித்தார்,
வக்கீல் கடிதம் போல, ஒரு வரி விடாமல், சத்தமாக.
நான் படகுகளை அடுக்கினேன், கலைத்தேன்,
நிறம் மாற்றி அடுக்கினேன்.

நான்காம் பக்கத்தில் நின்றார்.
"கடைசியாக இன்னொருவருக்குச் சமைத்தவர்
முதலில் ஆட வேண்டும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
போன ஞாயிறு பிள்ளைகளுக்கு நான் சுட்ட தோசை
ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.
அவர் கூரையைப் பார்த்தார்,
உதடு அசைய மாதம் எண்ணினார்,
மார்ச்... இல்லை, அதற்கும் முன்னால்.
எண்ணிக்கை எங்கோ நின்றது.
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனார்.

உள்ளே அடுப்பு இரண்டு தரம் சொடுக்கிப் பற்றியது.
ஏதோ மூடி கீழே விழுந்து உருண்டது.
"மேகிக்கு முட்டை ஒண்ணா, ரெண்டா?" என்ற குரல்,
கொஞ்சம் பொறுத்து,
"படகத் தொடாத. நான்தான் மொதல்ல."